கருப்பட்டி போடாத ஜிஞ்சர்

கல்லூரி முடித்தும் வேலை கிடைக்காத நானும் என் நண்பனும் சங்கரன்கோவிலில் சோடா கம்பெனி நடத்தினோம். எங்கள் ஜிஞ்சர் பீரில் போதை கிடையாது. இஞ்சிச்சாறும் கருப்பட்டிப் பாகும்தான். முதல் மடக்கில் இஞ்சி தொண்டையைச் சுடும். அது அடங்கும்போது கருப்பட்டி மெல்ல வரும். அந்த அளவைக் கண்டுபிடித்தது அவன் நாக்கு. முதல் பாட்டிலை அவன் குடித்துத் தலையாட்டினால்தான் மற்றவை கடைக்குப் போகும்.

தொண்டைக் கட்டிக்கு மதுரை ஆஸ்பத்திரியில் கரண்ட் வைத்து, அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சை முடித்து, அவன் திரும்பிய அன்று, ஆடித்தபசுத் திருவிழாவுக்குச் சரக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவனைப் பார்த்த சந்தோஷத்தில் உடனே ஒரு பாட்டிலை உடைத்து நீட்டினேன். கண்ணை மூடிக் குடித்தான்.

“ஏலே, கருப்பட்டி கடைசியில வந்து நிக்கி பாத்தியா? நான் இல்லாமலே தேறிட்டியே மக்கா!”

மீதியை நான் குடித்தேன். வெறும் இஞ்சி. பாகுச் சட்டி அடுப்போரம் மூடியபடியே இருந்தது. அவசரத்தில் ஊற்ற மறந்திருந்தேன். அவன் நாக்குக்கு அது தெரியவில்லை.

“ஒன் மூஞ்சி ஏம்லே இப்படிக் கோணுது?”

“காரம்லே,” என்றேன்.

அவன் வீட்டுக்குப் போனபின் அத்தனையையும் சாக்கடையில் கொட்டிவிட்டுப் புதிதாகப் போட்டேன். அதன் பிறகும் முதல் பாட்டில் அவனுக்குத்தான். அவன் வருவதற்கு முன்பே நான் ஒன்றைக் குடித்துப் பார்த்திருப்பேன்.