மடி நிறையாத மாமன்

திருத்தணியில் எழிலன் என்று விசாரித்தால் யாருக்கும் தெரியாது. ‘லினக்ஸு’ என்று கேளுங்கள், ஆட்டோக்காரர் முதல் மொட்டை அடிக்கிறவர் வரை கையைக் காட்டுவார்கள். கூடவே ஒரு நமட்டுச் சிரிப்பும் வரும். மலைக்குப் போகும் சாலையில் அவன் வைத்திருந்த கணினி பழுதுபார்க்கும் கடைக்குள் நுழைந்தவருக்கு, கணினி சரியாகிறதோ இல்லையோ, காசில்லாமல் கிடைக்கிற லினக்ஸ் மென்பொருளுக்கு மாறச் சொல்லி உபதேசம் உறுதி.

மென்பொருள் என்பது மலைமேல் போடுகிற அன்னதானம் மாதிரி இருக்க வேண்டும் என்பது அவன் கட்சி. யாரும் சாப்பிடலாம், சமையல்கட்டை எட்டிப் பார்க்கலாம், குழம்பு எப்படி வைத்தாய் என்று கேட்கலாம். பூட்டி வைத்து விற்கிறவன் அயோக்கியன்.

“அன்னதானத்துல உப்பு கம்மின்னா யாரப் போயி கேக்கறது?” என்றார் எதிர்க்கடை டீ மாஸ்டர் துரைக்கண்ணு.

“நீயே போட்டுக்க வேண்டியதுதான். அதான்யா சுதந்திரம்.”

“எனக்கு டீ ஆத்தவே நேரமில்ல, இதுல உப்பு வேற அள்ளிகினு இருப்பனா?”

பதில் இல்லாத கேள்வி கேட்பவரை முட்டாள் என்று வைத்துக்கொள்வது எழிலனின் வழக்கம். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் முட்டாளானார்கள்.

அந்த வரிசையில் சொந்தத் தங்கை புருஷனும் சேர்ந்தான். ராஜேஷுக்குப் பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி. லுங்கிக்குக் கட்டம் போடுகிற டிசைனெல்லாம் ஒரு மடிக்கணினியில் இருந்தது. மெதுவாக ஓடுகிறது, கொஞ்சம் பார் என்று மச்சானிடம் கொடுத்தான். மச்சான் ஒரு வார்த்தை கேட்காமல் மொத்தத்தையும் அழித்துவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்தான், அதுவும் அன்பளிப்பாக. தீபாவளி நேரம். டிசைன் இல்லை, ஆர்டர் வேறு தறிக்குப் போனது. தறி நின்றுபோன வீட்டில் போய் நின்றுகொண்டு, “காப்பி எடுத்து வெக்காதது உன் தப்பு மாப்ள” என்று சொல்லிவிட்டு வந்தான் எழிலன். சொன்னது சரிதான். அதற்குப் பிறகு ராஜேஷ் அவனை வாசலில் சேர்க்கவில்லை.

எழிலனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அப்பா அம்மா போய்விட்டார்கள். இருப்பது தங்கை அனுராதா ஒருத்திதான். அவளுக்குப் பெண் குழந்தை பிறந்த வாரமே சிவப்புக்கல் வைத்த கம்மல் வாங்கி மேசை இழுப்பறையில் வைத்துவிட்டான். காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில்தானே உட்கார வேண்டும்? அவனிடம் வேறு எந்த ஆசையும் மிச்சமில்லை. அந்தக் குழந்தை தன் மடியில் உட்கார்ந்து அழ வேண்டும், தான் சமாதானப்படுத்த வேண்டும். எத்தனையோ இரும்பு மனுஷர்களைப் போல அவனும் இந்த ஓரிடத்தில் வெல்லமாக இருந்தான்.

வாட்ஸ்அப்பை அவன் தொடமாட்டான். கம்பெனிக்காரன் வீட்டில் நாம் ஏன் குடியிருக்க வேண்டும், சொந்தமாகக் கட்டுவோம் என்று கடையின் பழைய கணினியில் தானே ஒரு சமூக வலைத்தளம் நிறுவினான். ஊருக்கு ஊர் இப்படிச் சின்னச் சின்னத் தளங்கள் இருந்து ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும், யாருக்கும் யாரும் முதலாளி இல்லை என்பான். அவன் தளத்துக்கு மட்டும் முதலாளி அவன்தான், அது வேறு விஷயம். ஆறு உறவினர்களைக் கெஞ்சிச் சேர்த்தான். ஐந்து பேர் ஓடிவிட்டார்கள். அண்ணன் மனசு நோகக்கூடாது என்று அனுராதா மட்டும் இருந்தாள்.

பாவம், அவளுக்குத் தெரிந்தது ரோஜாப்பூ போட்ட காலை வணக்கமும், பதினோரு பேருக்கு அனுப்பினால் நல்லது நடக்கும் என்கிற முருகன் படமும்தான். தளத்தின் மரியாதை கெடுகிறது என்று எழிலன் இரண்டு முறை எச்சரித்தான். மூன்றாம் முறை அவளை ஒதுக்கிவைத்தான். அதாவது, அவள் எழுதுவதெல்லாம் ஒரு தனி இடத்தில் போய்க் குவியும்; அவனாகத் திறந்து பார்த்தால்தான் உண்டு. ஒரு வாரம் கழித்து எடுத்துவிடலாம் என்று நினைத்தான், மறந்தும் போனான். இருந்த ஒரே ஆளையும் வெளியே நிறுத்திவிட்டு, எங்கோ ஜெர்மனிக்காரனோடு சுதந்திரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான்.

ஒரு வியாழக்கிழமை காலையில் துரைக்கண்ணு கையில் செல்போனோடு சாலையைக் கடந்து வந்தார்.

“இன்னாப்பா, மருமவளுக்கு மலை மேல காது குத்து நடக்குது, நீ இங்க குந்திகினு கீற? உன் தங்கச்சி ஸ்டேட்டஸ்ல போட்டுகீது, பாரு.”

படத்தில் குழந்தை மொட்டைத் தலையில் சந்தனத்தோடு இருந்தது. எழிலன் இழுப்பறையைத் திறந்து கம்மல் டப்பாவை எடுத்துச் சட்டைப்பையில் போட்டான். கடையைப் பூட்டக்கூட இல்லை. வண்டியை முறுக்கிக்கொண்டு மலை ஏறினான்.

மண்டபத்தில் சொந்தக்காரர்கள் கூடியிருந்தார்கள். நடுவில், மணையில், கே.ஜி.கண்டிகைப் பெரியப்பா மகன் முரளிதரன் உட்கார்ந்திருந்தான். தவணைக்கு செல்போன் விற்கிறவன். முறைக்கு அவனும் மாமன்தான். குழந்தை அவன் மடியில் வீறிட்டுக்கொண்டிருந்தது. ஒரு காது குத்தியாகிவிட்டது. ஆசாரி மறு காதுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார்.

“வா மச்சான்” என்றான் ராஜேஷ், எல்லோருக்கும் கேட்கும்படி. “வெத்தல பாக்கு வெச்சி அழைக்கலன்னு நெனைக்காத. எல்லாரையும் குரூப்லதான் கூப்ட்டோம். நீதான் அதுல இல்லியே.”

கூட்டம் சிரித்தது. வயசானவர்கள் கூடச் சிரித்தார்கள்.

அனுராதா அவனைத் தூண் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். கண் சிவந்திருந்தது.

“நான் சொன்னேனேண்ணா. நாலு நாளா எழுதிகினு இருந்தேன். வூட்லருந்து போன் பண்ணா அவுரு பாத்துடுவாரு. உன் ஆப் ஒண்ணத்தான் அவுரு தொட மாட்டாரு. கம்மலோட முன்னாடியே வந்து மணைல குந்திடுண்ணா, சாமி எடத்துல யாரும் எழுப்ப மாட்டாங்கன்னு எழுதுனேன். நீ ஒரு பதில் போடல.”

எழிலன் செல்போனைத் திறந்தான். ஒதுக்கிய இடத்தில் எல்லாம் இருந்தன. முதலில் ரோஜாப்பூக்கள். அப்புறம், ‘அண்ணா, வருவல்ல?’ அதற்குக் கீழே, ‘கோவமாண்ணா?’

தன் தளத்தில் வேவு பார்க்க ஆள் இல்லை, பயமில்லாமல் பேசலாம் என்று ஊரெல்லாம் கத்தியவன் அவன். அதை நம்பிய ஒரே ஜீவனின் வாயைத்தான் அடைத்திருந்தான்.

“இன்னொரு காது கீதே அனு. அதுக்காச்சும்...”

அவள் புருஷனைப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள். “வேணாம்ணா. இப்ப மாத்துனா வூட்ல என்ன கொன்னுடுவாங்க. வுட்டுடு.”

அதற்குள் ராஜேஷ் வந்து தன் செல்போனை எழிலன் கையில் திணித்தான். முரளிதரன் கடையில் வாங்கிய புதுப் போன்.

“டெக்னாலஜில நீதான பெரிய ஆளு. நல்லா வீடியோ புடி மச்சான். புடிச்சிட்டு குரூப்ல போட்டு வுட்டுடு.”

எழிலன் வாங்கிக்கொண்டான். ஆசாரியின் கை, முரளிதரன் மடி, வாயைப் பிளந்து அழும் குழந்தை, எல்லாம் ஆடாமல் அசையாமல் பதிவாயின. குழந்தை அழும்போது எட்டிக் கண்ணீரைத் துடைக்க ஒரு கை பரபரத்தது. இரண்டு கையாலும் போனைப் பிடித்திருந்தான். சட்டைப்பையில் டப்பா குத்திக்கொண்டிருந்தது.

முடிந்ததும் குரூப்பில் போட்டான். போட்ட மறுநொடி பள்ளிப்பட்டு சுலோச்சனா அத்தையிடமிருந்து வந்தது: ‘கூடப் பொறந்த மாமன் வரலியா?’

ராஜேஷ் தோளுக்கு மேல் எட்டிப் படித்தான்.

“வந்துகீறான், வீடியோ புடிச்சிகினு கீறான்னு போடு மச்சான்.”

எழிலன் அதையும் தட்டி அனுப்பினான்.