சூசை கண்டுபிடித்த கறுத்த கண்

இல்ல சூசை... நான் சொல்றதக் கேளு. பூச்சிய நான் இருட்டுல வைக்கவே இல்ல. அன்னிக்கு மேகமா கெடந்துச்சுய்யா!

மூன்று மாதமாக மனசுக்குள் இப்படித்தான் சண்டை. இன்று காலை அவன் வீட்டில் அழுகைச் சத்தம். சூசை போய்விட்டான்... தூக்கத்திலேயே.

கொடைக்கானல் ஏரிக்கரையில் டூரிஸ்ட்டுகளைப் படம் எடுத்துப் பிழைத்தவர்கள் நாங்கள். வேலையை விட்டபின் பெரும்பாறையில் பக்கத்துப் பக்கத்து வீடு.

அவன் ரோஜாச் செடியில் ஒரு கும்பிடுபூச்சி. அதைப் படம் எடுக்க மண்ணில் குப்புறப் படுத்துக் கிடப்பான்.

"ஏலே சூசை, பூச்சி உன்னையத்தான் கும்பிடுது. ஆசீர்வாதம் பண்ணிட்டு வெரசா எந்திரி."

"ஒன் சோலியப் பாருய்யா. அது தலையத் திருப்புற வரைக்கும் கெடப்பேன்."

எனக்கு ஏது அந்தப் பொறுமை? என் காப்பிச் செடியில் ஒன்று சிக்கியதும் டிபன் டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டேன். ரெண்டு மணி நேரம். குளிரில் மரத்துப்போனால் அசையாது பாருங்கள்...

எடுத்து இலையில் உட்கார வைத்து ஒரே கிளிக். "காலை வெயிலில் ஒரு கும்பிடு" என்று இங்கே ஃபேஸ்புக்கில் போட்டேன். நீங்களும் லைக்காக அள்ளிக் கொட்டினீர்கள்.

சூசை மட்டும் கமென்ட்டில் கேட்டான்: "கண்ணு ஏன்யா கறுப்பா இருக்கு?"

அந்தப் பூச்சிக்குப் பகலில் கண் பச்சையாகத்தான் இருக்குமாம். இருட்டில் கிடந்தால்தான் கறுக்குமாம். எனக்கென்ன தெரியும்?

வேலியோரம் வந்து நின்றான். "எதுக்குள்ளய்யா மூடி வச்ச?"

"மேகம்யா... அதான்."

"வெயிலுன்னுல்ல எழுதியிருக்க?"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை.

படத்தை அழித்துவிடலாம் என்று காலையிலிருந்து விரல் போகிறது, திரும்பி வருகிறது. அழித்தால் அவன் கமென்ட்டும் போய்விடும். அவன் எனக்குக் கடைசியாக எழுதியது அதுதான்...

சூசை, நீ சொன்னதுதான்யா சரி. போயிட்டு வா.

இதை அவன் வீட்டிலாவது சொல்லிவிடலாம் என்று போனேன். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் அவன் சம்சாரம்.

"தங்கச்சி, அந்தப் பூச்சி போட்டோ... சூசைகிட்ட நான் பொய்..."

"பூச்சியாண்ணே இப்ப? வழிய விடுங்க, ஃபாதர் வந்துட்டாரு."

"இல்லம்மா, ஃப்ரிட்ஜுல நான்தான்..."

தங்கச்சி வாசல் பக்கம் போய்விட்டது.