உப்பிய துணிக்குள் வால் நட்சத்திரம்

மின்விசிறியை நம்பி வானத்தை நிறுத்தி வைக்கும் தொழில் ஒன்று உண்டு. கரண்டை நம்பிப் பிழைத்த யாருக்கும் அதன் அவஸ்தை புரியும். ஹாலி வால் நட்சத்திரம் வந்த எண்பத்தாறில், தர்மபுரி மாவட்டப் பள்ளிகளில் அந்தப் பிழைப்பில் இருந்தேன். துணிக் கூடாரத்தைக் காற்றால் உப்ப வைத்துக் கவிழ்த்த சட்டிபோல் நிறுத்துவோம். பார்ப்பவர்கள் உள்ளே படுத்துக்கொள்வார்கள். படம் வரைந்த கண்ணாடிகளை விளக்கின் முன் கையால் நகர்த்தி, தலைக்கு மேல் வானம் காட்டுவது என் வேலை. விசிறிக்குப் பொறுப்பு என் உதவியாள் மாது. கல்வி அதிகாரி பார்த்து ஒப்புக்கொண்டால் மாவட்டம் முழுக்க அனுமதி. இல்லையென்றால் இருவரும் வேறு வேலை தேட வேண்டும்.

மொரப்பூரில் இறங்கிய வானம்

சனியின் வளையத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. வானம் மெதுவாக இறங்கி எல்லோரையும் போர்த்திக்கொண்டது. மெல்லிய துணிதான், ஆபத்தில்லை. மாது ஓரத்தைத் தூக்கிப் பிடித்து ஒவ்வொருவராக வெளியே விட்டான். பிள்ளையோடு வந்த ஒரு விவசாயி மட்டும் எழவில்லை. கூப்பிட்டுப் பார்த்தோம். துணிக்கு அடியிலிருந்து பதில் வந்தது: "கரண்ட் வந்தா மிச்சத்தையும் காட்டுவீங்கதான? நான் இப்பிடியே படுத்திருக்கறேங்க."

தொப்பூர் மலை

வானத்தின் விளிம்பில் முதலில் பட்டணத்து மாடிக் கட்டடங்கள்தான் இருந்தன. இது எந்த ஊர் என்று எல்லோரும் கேட்டார்கள். எனவே தொப்பூர் மலையையும், வளைவில் வரிசையாக ஏறும் லாரிகளையும் கண்ணாடியில் வரைந்தேன். அவசரத்தில் அதை முன்பின் மாற்றிச் செருகிவிட்டேன். மகளுடன் வந்த லாரி டிரைவர் ஒருவர் ஆட்டம் முழுவதையும் படுத்தபடி பார்த்தார். வெளியே வந்ததும் தனியாக அழைத்துச் சொன்னார்: "மலை சரிங்க சார். லாரியெல்லாம் ரைட்டுல போவுது. தொப்பூர்ல இப்பிடி ஓட்டுனா யாரும் வூடு போய்ச் சேர மாட்டாங்க."

பொம்மிடியில் அதிகாரி

அதிகாரி வரும் நாள் காலையில் பார்த்தால், வால் நட்சத்திரக் கண்ணாடியில் சாயம் உதிர்ந்திருந்தது. டீக்கடையில் சர்க்கரைப் பாகு கேட்டு வாங்கி, நீல மசி கலந்து வாலில் தடவினேன். விளக்குச் சூட்டில் பாகு இளகி, வால் அசைந்து அசைந்து ஓடியது. இத்தனை நாளில் அப்படி ஒரு வால் அமைந்ததில்லை. "நல்லா இருக்குய்யா" என்றார் அதிகாரி.

அப்போது வாலில் ஓர் எறும்பு ஏறியது. கூரையில் அது கன்றுக்குட்டி அளவு இருந்தது. பின்னாலேயே இன்னும் இரண்டு. பிள்ளைகளின் கூச்சலில் துணியே அதிர்ந்தது. மாது வாசலில் தலையை நீட்டி, "அண்ணா, விசிறிய நிறுத்திரட்டுமா?" என்றான். வேண்டாமென்று கையசைத்தேன்.

மூன்று எறும்பும் வால் நட்சத்திரத்தின் தலைப்பக்கம் போய்ச் சேரும்வரை அதிகாரி அசையவில்லை. வெளியே வந்து, தலைமையாசிரியர் மேஜையில் உட்கார்ந்து எழுதியதை அவரே வாசித்தார்: "பாடத்துக்கு ஏற்றது. எறும்புகள் நீங்கலாக அனுமதிக்கலாம்."

உத்தரவுப்படி அந்த ஆண்டு முழுக்க எறும்பில்லாத வானத்தைக் காட்டினோம். எறும்புச் சேதி எங்களுக்கு முன்னாலேயே போயிருந்ததால் ஒரு பள்ளியிலும் பிள்ளைகளுக்குத் திருப்தியில்லை.