தலைமையிடத்தை விட்டு வெளியேறிய கால்

பதிவறை மேசைமேல் அவர் மல்லாந்து படுத்திருந்த கோலம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. முழங்கால்களுக்கு அடியில் தலையணையாக மார்க்கையன்கோட்டைக் கிராமக் கணக்குக் கட்டு. தலைக்குமேல் கடகடக்கும் மின்விசிறி. வட்டாட்சியரே கதவைத் தள்ளிக்கொண்டு வந்தபோதும் அவர் எழுந்திருக்கவில்லை. "எந்திரிச்சா விழுந்துருவேன்யா, படுத்துக்கிட்டே வணக்கம் வச்சுக்கிறேன்" என்று கையை மட்டும் உயர்த்தினார்.

அவர் பதிவறை எழுத்தர். நான் அதே தாலுகா அலுவலகத்தில் ஊழியர்களின் விடுப்பு, மாறுதல், விளக்கக் கடிதம் எல்லாம் கவனிக்கும் பிரிவுக்குத் தலைமை. இருவருக்கும் ஒரே வருடத்தில் இடுப்பில் முதுகெலும்புத் தட்டு விலகியது. வலி பிட்டத்தில் புறப்பட்டு, தொடையின் பின்புறமாக இறங்கி, கட்டைவிரலில் போய் முடியும். உட்கார்ந்தால் அதிகம், நின்றால் கொஞ்சம் குறைவு. எங்கள் இருவர் உத்தியோகமும் உட்கார்ந்து பார்ப்பது.

மாசி மாதத்தில் ஒரு காலை, படியேறும்போது அவருடைய பாதம் மேலெழவில்லை. முன்பாதம் படியில் தட்டித் தட்டி நின்றது. அன்று மத்தியானமே மதுரைக்குப் பஸ் ஏறிவிட்டார். மனு இல்லை, தகவலும் இல்லை. நான்காம் நாள் அவர் மனைவி கொண்டுவந்து கொடுத்த விடுப்பு விண்ணப்பத்தில், அறுவைச் சிகிச்சை முடிந்துவிட்டது என்று இருந்தது.

நாற்பத்தைந்து நாள் கழித்து அதே படிகளில் அவர் தடதடவென்று ஏறி வந்தார். அந்தச் சத்தத்தை நான் மேசையைப் பிடித்து நின்றபடி கேட்டேன். அந்த வாரம் முழுக்க எனக்கு உட்கார முடியவில்லை. அவருடைய கோப்பை எடுத்தேன். 'முன் அனுமதியின்றித் தலைமையிடத்தை விட்டு வெளியேறியமைக்கு விளக்கம் பெறலாம்' என்று எழுதிச் சுருக்கொப்பமிட்டேன். வேலை பார்க்கும் ஊரைத் தாண்ட அனுமதி வேண்டும்; விதிப்படி அது சரியான குறிப்பு. அதை எழுதியது விதி அல்ல என்பது எனக்கு அப்போதே தெரியும்.

கடிதத்தை வாங்கிக்கொண்டு என் மேசைமுன் வந்து நின்றார். "சார், எங்கால் எங்கிட்ட அனுமதி வாங்கிட்டா மரத்துச்சு?" என்றார். அறையே சிரித்தது. நான் பேனாவை மூடினேன்.

வைகாசியில் என் பாதம் தொங்கியது. வீட்டில் மனைவி பையைக் கட்டிவிட்டாள். "இன்னைக்கே மதுரைக்குக் கெளம்புங்க. ஒங்க கூட்டாளி போகலையா?"

"அவர் போனதுக்குத்தான் நான் விளக்கம் கேட்டிருக்கேன்."

"நல்லாக் கேட்டீக! இப்ப ஒங்க கால்ட்ட கேளுங்க."

விண்ணப்பித்தேன். கிராமக் கணக்குகளைச் சரிபார்க்கும் ஜமாபந்தி நேரம். அதிகாரிகள் எவரும் இருக்கையில் இல்லை. கோப்பு நகர்ந்து, அனுமதி ஆணை வரப் பத்தொன்பது நாள் ஆயிற்று. மதுரையில் டாக்டர் என் பாதத்தைப் பிடித்து, "மேல தூக்குங்க" என்றார். அது அவர் கையிலேயே கிடந்தது. "வலி போயிரும். பாதம் திரும்புறது சந்தேகந்தான். மொத வாரமே வந்திருக்கணும்." ஆணை என் சட்டைப்பையில் இருந்தது. எண், நாள், முத்திரை எல்லாம் சரியாக இருந்தன.

வலி போய்விட்டது. நரம்பும் அதோடு போய்விட்டது. பாதத்தை நிமிர்த்திப் பிடிக்க ஒரு பட்டை போட்டுக்கொள்கிறேன். செருப்பு கழன்றால் தெரிவதில்லை. ஒற்றைச் செருப்போடு தேனி கடைவீதியில் பாதி தூரம் போயிருக்கிறேன். அவரோ சித்திரைதோறும் வீரபாண்டி அம்மன் கோயிலில் தீச்சட்டி எடுக்கிறார். கூட்டம் தீயைப் பார்த்துக் கும்பிடுகிறது. நான் அவர் குதிகால் ஊன்றி, பாதம் படிந்து, விரல்கள் கடைசியாகத் தரையை விடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அம்மனிடம் என் காலைக் கேட்டதைவிட, ஒரே ஒரு முறை அவர் கால் தடுக்கித் தடுமாற வேண்டும் என்று கேட்டதுதான் அதிகம். சட்டி அவர் கையில் இருக்கும்போது வேண்டாம், இறக்கி வைத்த பிறகு போதும் என்று ஒரு சலுகையும் சேர்த்துக்கொள்வேன்.

போன மாதம் ஏதோ மருத்துவக் காப்பீட்டுப் படிவத்தோடு வீட்டுக்கு வந்தார். இருவரும் ஓய்வு பெற்றுவிட்டோம். ஆனாலும் படிவம் என்றால் என்னிடம்தான் வருவார். எழுதிக்கொண்டே வந்தவன், "பாதிக்கப்பட்டது எந்தக் கால்?" என்ற இடத்தில் நிமிர்ந்து பார்த்தேன்.

அவர் யோசித்தார். ஒரு காலை உதறினார். பிறகு மற்றதை உதறினார்.

"எந்தக் கால் சார் எனக்கு? வீட்ல அவ ஒண்ணு சொல்றா, மகன் ஒண்ணு சொல்றான்."

இத்தனை வருடமும் அவருடைய நடையைப் பார்த்துத்தான் பொறாமைப்பட்டிருந்தேன். அதைவிடப் பெரியது ஒன்று அவரிடம் இருப்பது அன்றுதான் தெரிந்தது.

"இடது" என்றேன்.

"நெசமாவா?"

"குறிப்பு எழுதினவன் நான்."

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "ஆத்தாடி! எங்கால என்னயவிட நீங்கதான் சார் பத்திரமா வச்சிருக்கீக."

கையெழுத்துப் போட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார். வாசற்படியில் எந்தக் காலை முதலில் இறக்கினார் என்று அவர் கவனித்திருக்க மாட்டார்.

இடது.