ஊசி வேண்டாம் என்று சொல்பவள்

கழுத்திலிருந்த சிலுவைச் சங்கிலியைக் கழற்றிக் கைப்பையின் உள்ளறையில் போடுகிறாள் ஜொவிட்டா. கண்ணாடியும் உள்ளே போகிறது. பின்னலை அவிழ்த்து, அவசரத்தில் முடிந்ததுபோல ஒரு கொண்டை. பிறகு ரப்பர் பொம்மையைத் தோளில் சாய்த்துக்கொண்டு கதவுக்கு வெளியே நின்று, அதன் முதுகைத் தட்டிக்கொடுக்கத் தொடங்குகிறாள். உள்ளே கூப்பிடும்வரை தட்டல் நிற்காது. பொம்மையென்று தெரிந்தும் அந்த வழியே போகிறவர்கள் குரலைத் தணித்துக்கொள்வார்கள்.

மாதத்தில் இரண்டு சனிக்கிழமை ராஜா அண்ணாமலைபுரத்தில் இந்தப் பயிற்சி. தடுப்பூசிக்குப் பயப்படும் பெற்றோரிடம் பேசுவதற்கு இளம் மருத்துவர்கள் பழகுகிறார்கள். பயப்படுகிற அந்தத் தாயாக நடிப்பவள் ஜொவிட்டாதான். மற்ற நாட்களில் சாந்தோமில் ஒரு பள்ளி அலுவலகத்தில் சேர்க்கை விண்ணப்பங்களைச் சரிபார்க்கிறவள். வயது முப்பத்தொன்பது. பிள்ளை இல்லை.

கொடுக்கிற தாளை அவள் ஒப்பிப்பதில்லை. பேருந்திலும் மீன் கடையிலும் காதில் விழுந்தவற்றை வைத்திருக்கிறாள். "எங்க வூட்டுக்காரரு வாட்ஸாப்புல காட்னாரு டாக்டர், பாத்தா ஊசியே வேணாம்னு தோணுது." "எங்கம்மா எட்டு பெத்தாங்க, யாருக்கு ஊசி போட்டாங்க?" இனி இவரிடம் பேசிப் பயனில்லையென்று தாய்க்குத் தோன்றுகிற நொடியில் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவாள். கத்த மாட்டாள். "வரேன் டாக்டர்." அந்த இரண்டு சொல்லுக்கு அவர்கள் தேர்வைவிட அதிகமாகப் பயந்தார்கள்.

வியாழக்கிழமை அவளே அதைக் கேட்க நேர்ந்தது, வேறு சொற்களில்.

அவள் வீட்டுக்குக் கீழே குடியிருப்பவள் நிஷா. மூன்றரை மாதத்தில் போட்ட ஊசிக்குப் பிறகு அவள் குழந்தைக்குக் காய்ச்சலும் வலிப்பும் வந்தன. அதோடு ஊசியை நிறுத்திவிட்டாள். குழந்தைக்கு இப்போது பத்து மாதம். தெருக்கோடியில் இரண்டு பிள்ளைகளுக்குத் தட்டம்மை என்று கேள்விப்பட்டதும் ஜொவிட்டா படியிறங்கி ஓடினாள். தட்டம்மையில் கண் போகும், நெஞ்சில் சளி கட்டும், உயிரே போகும். மூச்சுவிடாமல் சொன்னாள்.

"பெத்து வளத்திருந்தா தெரிஞ்சிருக்கும்க்கா உனுக்கு," என்று கதவைச் சாத்தினாள் நிஷா.

சனிக்கிழமை எதிரே உட்கார்ந்திருந்தவர் டாக்டர் நோயல். நல்ல பிள்ளை, நிறையப் படித்தவர். "போன தடவ ஃபிட்ஸ் வந்துச்சு டாக்டர்," என்று ஜொவிட்டா தொடங்கியதுமே, "அது ரொம்ப ரேர்மா," என்று ஒரு வரைபடத்தைத் திருப்பிக் காட்டினார். எண்கள் எல்லாம் சரி. ஜொவிட்டா பையை எடுத்தாள்.

"வரேன் டாக்டர்."

பிறகு, வழக்கம்போல, தவறு எங்கேயென்று அவள் சொல்லவேண்டும். நோயல் பேனாவுடன் காத்திருந்தார்.

"நீங்க சொன்னதுல தப்பே இல்ல தம்பி. அந்தம்மா இன்னா பாத்தாங்கன்னு ஒரு வார்த்த கேக்கல. அதுக்குள்ள..." பாதியில் நிறுத்திவிட்டாள். நோயல் எழுதிக்கொண்டார். அவள் முகம் மாறியதை அவர் பார்க்கவில்லை.

மதியம் வீடு திரும்பியபோது நிஷா வாசலில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். ஜொவிட்டாவைக் கண்டதும் உள்ளே போகத் திரும்பினாள்.

"நிஷா. வலிப்பு வந்துச்சே, அப்ப கூட யாரு இருந்தா?"

நிஷா நின்றாள்.

"யாரு கீறாங்க? எங்க வூட்டுக்காரரு மீன் புடிக்க போட்டுல போய்ட்டாரு. கண்ணு மேல சொருகிக்கிச்சுக்கா. கை கால்லாம் வெட்டுது. செத்துட்ச்சின்னு நெனச்சேன். கொயந்தய அப்டியே தரைல போட்டுட்டு கத்திக்கினு தெருவுக்கு ஓடிட்டேன். தூக்கிக்கினு ஓடணும்னுகூட தோணலக்கா. இன்னா அம்மா நானு?"

அப்படிப்பட்ட வலிப்பு பெரும்பாலும் தீங்கில்லாமல் போய்விடும், முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லி யோசனை கேட்கலாம். ஜொவிட்டாவிடம் பதில்கள் வரிசையாக இருந்தன. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். நிஷா மூக்கை உறிஞ்சும்வரை எடுக்கவில்லை.

"ஊசி போட்டுக்கினு வந்து அன்னிக்கி ஃபுல்லா தனியா இருக்கணும்ல? அதாங்க்கா முடியாது. டாக்டரு அஞ்சு நிமிசத்துல சொல்லிட்டுப் பூடுவாரு."

"புதன்கெழமதானே போடுறாங்க? நான் ஸ்கூலுக்கு லீவு சொல்லிடுறேன்."

நிஷா வாசற்படியிலிருந்து ஒதுங்கி வழிவிட்டாள்.

ஜொவிட்டா செருப்பைக் கழற்றினாள். அவளைத் தாண்டி உள்ளே போய், வெறுந்தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தைக்காக இரண்டு கையையும் நீட்டினாள்.