எண் ஒன்று

கோகிலவாணி கண்ணாடித் தட்டை மூடி, வெளிச்சத்தில் திருப்பிப் பிடிக்கிறாள். ஒட்ட வெட்டிய நகங்கள், வளையல் கிடையாது. ஓர் இரவு முழுக்க உடம்புச் சூட்டின் அளவில் பெட்டிக்குள் வைத்திருந்த தட்டு. உள்ளே ஊசித்தலை அளவில் மஞ்சள் புள்ளிகள். "வந்துட்டீங்களா," என்கிறாள் அவற்றிடம், பந்திக்கு வந்தவர்களைக் கேட்பதுபோல.

தருமபுரியில் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில், சாப்பாட்டில் வளரும் கிருமிகளை ஆராய்கிறாள். கை கழுவினால் முழங்கைவரை கழுவுவாள். யோசிக்கும்போது மட்டும் ஆள்காட்டி விரல் தானாகப் போய் மூக்கைத் தேய்க்கும்.

நான்கு வருடத்துக்கு முன் இணையத்தில் ஒரு குழு தொடங்கினாள். இன்று நானூற்றுப் பன்னிரண்டு விஞ்ஞானிகள். சேருகிறவர் தம் மூக்கில் வாழும் கிருமியின் மரபணு வரிசையை அனுப்ப வேண்டும். பெயர் வெளியே தெரியாது, எண் மட்டும். யார் எந்த எண் என்ற பட்டியல் அவளிடம் இருக்கிறது. அதிலிருக்கும் நைரோபிக்காரர் ஒருவரின் முகத்தை அவள் பார்த்ததில்லை; அவர் மூக்கில் குடியிருப்பது யார் என்று தெரியும்.

சொந்தபந்தத்தில் அவளுக்கு வேறு பெருமை. விசேஷம் என்றால் தயிர்சாதம் பிசைய அவளைத்தான் கூப்பிடுவார்கள். மதியம் புளிக்கக் கூடாதென்று வெதுவெதுப்பான சோற்றில் பாலை ஊற்றி, ஒரு கரண்டி தயிர் விட்டு, விடிகாலையிலேயே வெறுங்கையால் பிசைந்து வைப்பாள். "கோகிலா கை படலைன்னா எங்க வூட்ல சோறு எறங்காது," என்பாள் அத்தை ராமக்காள்.

இந்த வருடம் மூன்று விசேஷங்களில், சாப்பிட்ட மூன்று மணி நேரத்தில், சொல்லிவைத்தாற்போல வாந்தி. தொப்பூரில் ஒரு குழந்தை இரண்டு நாள் ட்ரிப்ஸில் கிடந்தது. மீந்த தயிர்சாதத்தைச் சோதித்தாள். மூன்றிலும் ஒரே கிருமி. சமையல் ஆட்கள் அத்தனை பேர் மூக்கிலும் பஞ்சுக்குச்சி விட்டுப் பார்த்தாள்.

"எத்தன தடவ வேணா பாருங்க. நாங்க இல்லீங்க," என்றார் சமையல் மேஸ்திரி மாதப்பன். அவர்கள் இல்லைதான். சொந்தக்காரியாகப் போனவள் தன்னைச் சமையல் ஆளாக எண்ணவில்லை.

கிருமியின் வரிசையைக் குழுவில் போட்டாள். ஒரு சாயங்காலம் நைரோபியிலிருந்து பதில் வந்தது: "இது நம் பட்டியலிலேயே இருக்கிறது. எண் ஒன்று. யார் அவர்?"

குழுவைத் தொடங்கியவளின் எண் அது. மூக்கை நோக்கிப் போன விரல் பாதியில் நின்றது. காய்ச்சல் இல்லை, சளி இல்லை. யாரோ உள்ளே உட்கார்ந்துகொண்டு, இத்தனை நாளும் அவள் கையால் பரிமாறியிருக்கிறார்கள்.

அப்போதுதான் ராமக்காள் போன் செய்தாள். "பேத்திக்குக் காது குத்து, மறந்துறாத கண்ணு. எரநூறு பேரு. விடியறதுக்குள்ள வந்துரு."

"வரேங்க அத்தை." நைரோபிக்கு அவள் அன்று பதில் எழுதவில்லை.

மறுநாள் விடிகாலை அதியமான்கோட்டையில், வெதுவெதுப்பாக ஆறிய சோற்று அண்டாவை ராமக்காள் அவள் முன்னால் நகர்த்தினாள்.

"நான் பிசையலைங்க அத்தை. அந்த மூணு விசேஷத்துலயும் வாந்திக்குக் காரணம் நாந்தான். என் மூக்குல இருக்குது, கை வழியாச் சோத்துக்குப் போயிருக்குது."

"கிறுக்கு புடிச்சிருச்சா? நீ நல்லாத்தான இருக்கற?"

"நல்லா இருக்கறதுதாங்க அத்தை வெனை."

நான்கடி தள்ளிப் போய், போனிலேயே எண் ஒன்றுக்கு நேராகத் தன் பெயரை எழுதிக் குழுவுக்கு அனுப்பினாள். கரண்டியால் கிளறும்படி மாதப்பனிடம் சொன்னாள். இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு, பந்தி முடியும்வரை சுவரோரம் நின்றாள். மூக்கு அரித்தது. கையை வெளியே எடுக்கவில்லை.