வானொலியில் அகப்பட்டுக்கொண்ட எங்கள் அண்ணன்

எங்கள் அண்ணனின் காரியத்துக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தங்கை எழுதுவது. இது போன்ற நினைவு மலர்களில் பிறந்தார், வளர்ந்தார், புகழோடு வாழ்ந்தார் என்று எழுதுவது வழக்கம். அண்ணனுக்குப் புகழ் இருந்தது உண்மை. ஆனால் அது முழுக்க முழுக்கத் தப்பான புகழ். அதைச் சரிசெய்யாமல் அவரை அனுப்பி வைக்க எனக்கு மனம் வரவில்லை. எழுதியதை அண்ணியிடம் படித்துக் காட்டினேன். "நெஜந்தானே, போடு" என்று உத்தரவு கொடுத்த பிறகே அச்சுக்குப் போனது.

அண்ணன் மரக்காணத்தில் உப்பளக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். தகப்பனார் சீக்கிரமே காலமானதால், பள்ளிக்கூடம் விட்டு வந்த கையோடு பாத்தியில் இறங்கி உப்பு வாரினார். காலில் வெடிப்பு இருக்கும், அதில் உப்புத் தண்ணீர் ஏறும். ஒரு நாளும் முனகியதில்லை. என்னைப் பத்தாவது வரை படிக்க வைத்தது அவர் வாரிய உப்புதான். மற்றதையெல்லாம் சிரித்துக்கொண்டே எழுதுகிறேன், இதை மட்டும் அப்படி எழுத முடியவில்லை.

பதினெட்டு வயதில் ராணுவத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனார். அவர் மார்பை அளந்து பார்த்த அதிகாரிக்கு என்ன தோன்றியதோ, பேண்டுப் பிரிவுக்கு அனுப்பிவிட்டார். முதலில் கிளாரினெட், பிறகு சாக்சபோன். ராணுவத்துக்குள்ளேயே ஜாஸ் வாசிக்க ஒரு தனிக் குழு இருந்தது. அதிகாரிகளின் விருந்துகளில் அவர்கள் வாசிப்பதுண்டு, வடக்கே சில ஊர்களில் வானொலியிலும் வருவதுண்டு. அந்தக் குழுவில்தான் அண்ணனின் வாலிபம் கழிந்தது.

அம்மாவுக்கு இது பெரிய அவமானமாக இருந்தது. பேண்டு என்றால் அவருக்குத் தெரிந்தது கல்யாண ஊர்வலத்தில் முன்னால் நடக்கிற பேண்டு செட் மட்டுமே. "துப்பாக்கி புடிக்கப் போன புள்ள பீப்பி ஊதறான்னு தெரிஞ்சா எவன் பொண்ணு குடுப்பான்?" என்று என் வாயை அடைத்துவிட்டு, கேட்டவர்களிடமெல்லாம் மகன் எல்லையில் துப்பாக்கியோடு நிற்பதாகச் சொல்லிவைத்தார். அண்ணன் லீவில் வந்து பேருந்தை விட்டு இறங்கியதும், "எத்தினி பேர சுட்டீங்க?" என்று சூழ்ந்துகொண்டார்கள். அவர் திகைத்துப் போய், "அதெல்லாம் சொல்லக் கூடாதுங்க" என்றார். பொய் சொல்லத் தெரியாதவர் திணறிச் சொன்ன அந்த வார்த்தையை ஊர் ராணுவ ரகசியம் என்று எடுத்துக்கொண்டது.

அந்தப் புகழை நம்பித்தான் அண்ணியைக் கட்டிக் கொடுத்தார்கள். ஓய்வுபெற்று வந்து உப்பளத்தைக் கவனித்துக்கொண்ட காலத்திலும், ஊர்த் தகராறில் அண்ணன் தொண்டையைக் கனைத்தால் இரண்டு தரப்பும் சமாதானமாகிவிடும். சளிக்குத்தான் கனைத்தார் என்பது எனக்குத் தெரியும். அம்மா போன பிறகு உண்மையைச் சொல்லிவிட எத்தனையோ முறை வாயெடுத்தார். தான் வாசிப்பதை அண்ணி ஒரு தடவையாவது கேட்க வேண்டும் என்பது அவர் ஆசை. கேட்டால் இத்தனை வருஷத்துப் புளுகும் கூடவே வெளியே வரும், அண்ணி முகத்தில் முழிக்க முடியாது என்பது பயம். ஆசைக்கும் பயத்துக்கும் நடுவில் மனிதருக்குத் தலை நரைத்துவிட்டது.

சுனாமி அலை வந்து உப்பளமெல்லாம் சேறாகிப் போன மறு வருஷம், அவருக்கு ஒரு போன் வந்தது. ராணுவ ஜாஸ் குழு புதுச்சேரிக்கு வந்து கடலோர மக்களுக்காகக் கச்சேரி செய்யப் போகிறது, வானொலி அதை நேரடியாக ஒலிபரப்பப் போகிறது. ஒரு காலத்தில் அண்ணனிடம் கற்றுக்கொண்ட பையன்தான் இப்போது பேண்டு மாஸ்டர். "ஒரே ஒரு பாட்டு, நீங்க வந்து வாசிக்கணும் சார்" என்று கெஞ்சினார். அண்ணன் சரி என்று சொல்லிவிட்டுத்தான் யோசிக்க ஆரம்பித்தார்.

பழகிக்கொள்ள வாத்தியம் வேண்டுமே. சில நாளில் ராணுவ ஜீப் ஒன்று வீட்டு வாசலில் வந்து நின்றது. சீருடையில் இறங்கியவர் நீளமான கறுப்புப் பெட்டி ஒன்றை அண்ணனிடம் கொடுத்து, சல்யூட் அடித்துவிட்டுப் போனார். மிலிட்டரிக்காரருக்கு மறுபடியும் துப்பாக்கி கொடுத்துவிட்டார்கள், இனிமேல் கடலை அவர்தான் பார்த்துக்கொள்வார் என்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பேச்சு. அண்ணி அந்தப் பெட்டிக்குப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டினார். எட்ட நின்றுதான் காட்டினார், வெடித்துவிடுமோ என்று.

வீட்டில் வாசிக்க முடியாது. வேலையில்லாமல் கிடந்த உப்பளத்தின் மோட்டார் கொட்டகைக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். பல வருஷமாக ஊதாத வாய். அதிலிருந்து பாட்டு வரவில்லை, நீளமாக ஒரு ஊளைதான் வந்தது. அந்த வருஷம் எங்கள் கரையில் இருந்தவர்களுக்கெல்லாம் காது கடல் பக்கமே இருந்தது. அபாயச் சங்கு ஊதினால் எதையும் எடுக்காமல் மேட்டுக்கு ஓடுங்கள் என்று வேறு சொல்லி வைத்திருந்தார்கள். ஊர் ஓடியது.

நான் வாழ்க்கைப்பட்டது பெருமுக்கல்லில், மலையடிவாரத்தில் வீடு. அன்று டிராக்டரிலும் மொபெட்டிலும் ஆட்டோவிலுமாக என் பிறந்த ஊரில் பாதி என் வாசலில் வந்து இறங்கியது. அண்ணி ஒரு கையில் ஆட்டுக்குட்டியையும் மறு கையில் மிக்சி ஜாரையும் பிடித்திருந்தார். "ஜார் மட்டும் எதுக்கு அண்ணி?" என்றேன். "மிக்சி கனமா இருந்திச்சிம்மா" என்றார். நான் அத்தனை பேருக்கும் உப்புமா கிளறினேன். எல்லோருக்கும் கடைசியாக அண்ணன் சைக்கிளில் வந்தார், பின்னால் அந்தப் பெட்டி.

"பாத்தியா, இந்த நெலமையிலயும் துப்பாக்கிய வுடாம கொண்ணாந்துட்டாரு" என்று ஊர் மெச்சியது. அண்ணன் என்னைக் கொல்லைப்புறம் கூட்டிக்கொண்டு போனார்.

"பாப்பா, அலையெல்லாம் ஒண்ணும் இல்ல. நான்தான்."

சிரிப்பதா அடிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து பயிற்சி எங்கள் கிணற்றடிக்கு மாறியது. டீசல் இன்ஜின் ஓடும் நேரம் பார்த்து வாசிப்பார். ஜாஸ் என்றால் என்ன அண்ணா என்று அப்போதுதான் கேட்டேன். "எல்லாரும் சேந்து வாசிப்போம். நடுவுல ஒருத்தன் எழுந்து அவன் இஷ்டத்துக்குப் போவான், மத்தவங்க எடம் வுட்டு கூடவே வருவாங்க. மிலிட்டரில இஷ்டத்துக்குப் போக உத்தரவு இருந்தது அங்க மட்டுந்தான்" என்றார். அப்படிச் சொன்னபோது அவர் முகம் இருந்த மாதிரி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கச்சேரி நாளன்று அண்ணியிடம், "மிலிட்டரி பங்ஷன், கூப்புட்டிருக்காங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். வானொலியை மறைக்க முடியுமா? நிவாரணத்தில் கொடுத்த டிரான்சிஸ்டர் வீட்டுக்கு வீடு இருந்தது. எங்க வீட்டுக்காரர் கலெக்டர் பக்கத்தில் உட்காரப் போகிறார் என்று சொல்லி அண்ணியே தெருவைக் கூட்டிவிட்டார். அண்ணிக்குத் துணையாக வந்திருந்த நான் பக்கத்தில் உட்கார்ந்து, பேட்டரி தீர்ந்து போகட்டும் என்று ஊர்த் தெய்வங்களை எல்லாம் வேண்டிக்கொண்டேன். எல்லாம் புது பேட்டரி.

இரண்டு பாட்டு முடிந்ததும் அறிவிப்பாளர், "அடுத்து, மரக்காணத்தைச் சேர்ந்த முன்னாள் ராணுவ இசைக் கலைஞர்" என்று ஆரம்பித்து, அண்ணனின் பெயரை இனிஷியலோடு சொல்லி, "சாக்சபோன்" என்று முடித்தார். தெரு முழுக்க அண்ணி பக்கம் திரும்பியது. பிறகு நீளமாக ஒரு சத்தம் கிளம்பியது.

"யோவ், இதே சத்தந்தான்யா! அன்னிக்கி அலைன்னு ஓடனமே!" என்று எதிர்வீட்டுக்காரர் துள்ளி எழுந்தார். ஆளாளுக்குக் கத்த ஆரம்பித்தார்கள். அண்ணி எழுந்து நின்றார்.

"சும்மா இருங்கப்பா! எங்க வூட்டுக்காரரு வாசிக்கிறாரு இல்ல?"

தெரு அடங்கியது. எல்லா வீட்டு டிரான்சிஸ்டரிலும் அண்ணன் வாசித்துக்கொண்டிருந்தார். மோட்டார் கொட்டகையில் ஊளையிட்ட அதே வாத்தியம்தான், அன்று பேசியது, கேலி செய்தது, குழைந்தது. நான் வெட்கமில்லாமல் அழுதேன். அண்ணி அழவில்லை. டிரான்சிஸ்டரை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு சத்தத்தைக் கூட்டினார்.

மறுநாள் காலை அண்ணன் பூனை மாதிரி வீட்டுக்குள் நுழைந்தார். அண்ணி இட்லி வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"நீங்க யாரையுமே சுட்டதில்லியா?"

"பழகறப்ப அட்டைப் பொம்மைய சுட்டிருக்கேன்."

"கோவத்துல சுட்டுப் போட்டா இன்னா பண்றதுன்னு, இத்தன வருஷமா ஒரு வார்த்த எதுத்துப் பேசாம குடித்தனம் பண்ணிட்டேன்!"

பாக்கி வைத்திருந்த அத்தனை பதில்களையும் அண்ணி அன்று முதல் வட்டியோடு தீர்த்தார். அதோடு நிற்கவில்லை. ராணுவத்தின் சாக்சபோன் ஜீப்பில் திரும்பிப் போனதும், கோட்டக்குப்பத்தில் பேண்டு செட் நடத்தும் பாயிடம் பழசு ஒன்று இருப்பதை விசாரித்து, அண்ணனை அனுப்பி வாங்க வைத்தார். தினமும் சாயங்காலம் அண்ணன் வாசிக்க வேண்டும், அண்ணி மீன் கழுவிக்கொண்டே கேட்பார். "நேத்து மாதிரி இல்ல, மொதல்லருந்து வாங்க" என்பார். ராணுவ அதிகாரிகளுக்குப் பயப்படாத அண்ணன் அண்ணிக்குப் பயந்து வாசித்தார். அவர் வாழ்க்கையில் மிகச் சந்தோஷமாக இருந்தது அந்தக் கொஞ்ச காலம்தான் என்று நான் அடித்துச் சொல்வேன்.

ஊர்ப் பெரியவர்கள் மட்டும் மசியவில்லை. "மிலிட்டரில நெஜத்த ரேடியோவுலயா சொல்லுவான்? பாட்டுக்காரன்னு சொல்லி மறைக்கறாங்க" என்றார்கள். அண்ணனின் புகழ் இன்னும் கூடியது.

இந்த வருஷம் இருதயம் பலவீனமாகி, ஊதக் கூடாது என்று டாக்டர் தடுத்துவிட்டார். கடைசி வாரங்களில் வாத்தியத்தைக் கட்டிலில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விரலை மட்டும் ஓட்டுவார். அண்ணி அதையும் உட்கார்ந்து கேட்டார். எங்களுக்குத் தொந்தரவு கொடுக்காமல் தூக்கத்திலேயே போய்விட்டார்.

அவரைப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக முகம் சுளிக்காமல் ஏற்றி இறக்கிய வேன்காரத் தம்பிக்கும், கஞ்சி வைத்துக் கொடுத்த பக்கத்து வீட்டாருக்கும், தோள் கொடுத்த உப்பளத் தொழிலாளர்களுக்கும் எங்கள் நன்றி. "எல்லையில் எதிரிகளை வென்ற மாவீரர்" என்று பெரிதாகப் பேனர் கட்டிய பெரியவர்களுக்கும், அண்ணி எழுந்து வந்து, "அத அவுத்துடுங்க, அவரு வாசிச்சவரு" என்று சொன்னதும் மறுபேச்சில்லாமல் அவிழ்த்ததற்கு நன்றி.

கடைசியாக ஒருவர். எடுப்பதற்கு முன், யாரும் சொல்லி அனுப்பாமலே கோட்டக்குப்பம் பாய் வந்தார். அண்ணனின் சாக்சபோனைக் கேட்டு வாங்கி, வானொலியில் வந்த அந்தப் பாட்டைத் தனக்குத் தெரிந்தவரை தலைமாட்டில் நின்று வாசித்தார். பாதியில் அண்ணி தலையை நிமிர்த்தி, "பாய், அங்க அவசரப்படாதீங்க. அந்த எடத்துல அவரு நிறுத்தி மூச்சு வுடுவாரு" என்றார். உடனே நிறுத்தி, அண்ணி தலையசைக்கும் வரை காத்திருந்து, அதற்குப் பிறகே மிச்சத்தை வாசித்து முடித்த பாய்க்கு எங்கள் குடும்பம் என்றென்றும் கடமைப்பட்டிருக்கிறது.